அப்பாவின் குரலுக்கு இடம் போதவில்லை

அன்புள்ள மகனுக்கு,

நான் டப்லெட்டைக் கிணற்றுக்குள் போடவில்லை. அது என் அலுமாரியின் மேல் தட்டில், அதன் உறைக்குள்ளேயே இருக்கிறது. சார்ஜ் ஏற்றித்தான் வைத்திருக்கிறேன். கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. இதை முதலில் எழுதக் காரணம், போன கிழமை உன் சின்ன மாமி லண்டனிலிருந்து போன் எடுத்து, சுகம் கூட விசாரிக்காமல் இதைத்தான் கேட்டாள்.

"மச்சாள், டப்லெட்டைக் கிணத்துக்கை போட்டிட்டீங்களாம். உண்மையே?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் கதைக்கினம். அண்ணையின்ரை வீடியோ முழுக்க அதுக்கைதானே இருந்தது. பாவம், தம்பி அழுறானாம்."

"வாளி விழுந்தாலே பாதாளக் கரண்டி விட்டு எடுக்கிற வீடு இது. டப்லெட் விழுந்தால் விட்டுப்போட்டு இருப்பனே?"

சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்ப நீங்கள் ஏதோ அமத்தித்தான் அழிஞ்சுபோச்சாக்கும்" என்றாள். கிணற்றுக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் கோபத்தில் அவளிடமே நான், "கிணத்துக்கை போடலாம் போலை கிடக்கு" என்று சொன்னேன். நான் சொன்னது லண்டனைச் சுற்றிக் கனடாவில் உன்னிடம் போய்ச் சேர்வதற்குள் போட்டும் முடிந்துவிட்டது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்காதது மற்றக் கதை. கிழவிக்கு விளங்கவில்லை, எதையோ அழுத்திவிட்டா, எல்லாம் போய்விட்டது என்ற கதை. கிணற்றுக் கதையில் எனக்குக் கோபமாவது இருக்கிறது. இந்தக் கதையில் எனக்கு மூளையே இல்லை. இந்தக் கதையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதியது நீ. "அம்மா பிழையா ஏதோ அமத்திப்போட்டா, அவவை ஒருதரும் கேக்க வேண்டாம்" என்று எழுதினாய். என்னைக் காப்பாற்றுவது போல எழுதினாய். அந்தக் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் இந்தக் கடிதத்தின் பிரதியும் போகும். ஒளித்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உன் அப்பாவின் குரல் இந்த உலகத்தில் இன்னும் எங்காவது இருக்கிறதா, இல்லையா என்பதை அறியவே இதை எழுதுகிறேன். அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நீ ஒழுங்காக ஒருநாளும் கேட்டதில்லை.

உனக்குச் சண்டையில் நாங்கள் இடம்பெயர்ந்த நாள் சரியாக நினைவிருக்காது. நீ சைக்கிள் பாரில் இருந்தாய். ஊரே தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தவர் அல்லவா, தோளில் மருந்துப் பெட்டியைத்தான் தூக்கினார். நான் காணி உறுதிப் பத்திரத்தையும் பள்ளிக்கூடச் சான்றிதழ்களையும் எடுத்தேன். அல்பங்களை இருவரும் எடுக்கவில்லை. இரண்டு நாளில் திரும்பி வருவோம் என்று நினைத்தோம். பல மாதங்கள் கழித்து வந்தபோது, எங்கள் கலியாணப் படங்கள் கொல்லைப்புறத்தில் மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் முகம் உரிந்து மற்றப் படத்தோடு போனது. நீ தவழ்ந்த படம், உனக்குச் சோறு தீத்திய படம், உன் ஏடு தொடக்கிய படம் ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு கலியாணப் படம். அதுவும் பெரியப்பாவுக்கு லண்டனுக்கு அனுப்பியிருந்தபடியால். அவர் அதைப் பிரதி எடுத்து அனுப்பிய நாளில் அப்பா அதை என் முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீரே, வெளியிலை போனதுதான் தப்பினது."

அன்றிலிருந்து அது அவருக்கு ஒரு கொள்கையாகிவிட்டது. அவருக்கு மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு. நகையா, வெளியில் இருக்கிற மகளிடம். உறுதியின் பிரதியா, வெளியில் இருக்கிற தம்பியிடம். வீடு என்பது எரியும், உடையும், யாரோ வந்து இருப்பார்கள். வெளிநாடு என்பது நிற்கும். நாங்கள் பட்டதிலிருந்து நாங்கள் படித்த பாடம் அது. அந்தப் பாடத்தை நானும் ஏற்றுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. வெளியில் ஒன்று இருக்கட்டும், வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்கு உன் அப்பா, "உமக்கு எல்லாம் இரண்டு வேணும்" என்று பகிடி பண்ணுவார்.

அதனால் நீ அந்த டப்லெட்டை வாங்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, கிளவுட் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தியபோது, அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நீ சொன்னாய்: "அப்பா, அண்டைக்கு இது இருந்திருந்தால் உங்கடை அல்பம் ஒண்டும் போயிராது. நீங்கள் படம் எடுக்க எடுக்க அது தன்ரை பாட்டிலை அங்கை போய்ச் சேரும். வீடே இல்லாமல் போனாலும் படம் இருக்கும்." அவர் கண் கலங்கினதை நான் பார்த்தேன். நீ பார்த்தாயோ தெரியாது, கீழே பார்த்துப் பாஸ்வேட் போட்டுக்கொண்டிருந்தாய். உன் கணக்கிலேயே எங்களையும் சேர்த்தாய். "தனியா வேண்டாம், என்ரை இடத்திலையே போடுங்கோ, எனக்கும் பாக்கச் சுகம்" என்றாய். டப்லெட்டின் பக்கத்தில் ஒரு மெமரி காட்டும் போட்டுத் தந்தாய். அந்த நாளில் நீ செய்தது எல்லாம் சரி. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அப்பாவின் தொண்டையில் அந்தக் கட்டி வந்தது. ஒப்பரேஷன் செய்தால் ஆள் தப்பலாம், குரல் தப்பாது என்று சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவர் உடுப்பு மாற்றவில்லை. நேரே ஹோலுக்கு வந்து, யன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இஞ்சேரும், அந்தச் சாமானை எடுத்து வாரும். தம்பியோடை கொஞ்சம் கதைக்க வேணும்" என்றார். அன்றிலிருந்து ஒப்பரேஷன் வரைக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு அவர் கதைப்பார், நான் பிடித்துக்கொண்டிருப்பேன். கை உளையும். இடக்கையால் வலக்கை முழங்கையைத் தாங்கிக்கொண்டு பிடிப்பேன்.

என்ன கதைத்தார் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை, அதனால் கொஞ்சம் எழுதுகிறேன். அளவெட்டியில் ஒரு திருவிழாவில் மேளம் கேட்டுக்கொண்டு நின்றபோது என்னை முதலில் கண்டது. என் அப்பா சம்பந்தம் பேச வந்தவரிடம், "மருந்து கலக்கிறவருக்கு என்ரை பிள்ளையோ" என்று கேட்டது. நீ பிறந்த அன்று ஷெல் சத்தத்துக்கு நடுவில் மருத்துவிச்சி அவரிடம் வெந்நீர் கேட்க, அவர் பதறிப்போய் இருமல் மருந்துப் போத்தலை நீட்டியது. இதைச் சொல்லும்போது நான் இடையில் புகுந்தேன்.

"அது செவ்வாய்க்கிழமை இல்லை. புதன்கிழமை."

"இஞ்சேரும், நீர் பேசாமல் பிடியும். செவ்வாயெண்டாலும் புதனெண்டாலும் பிள்ளை பிறந்ததுதானே."

"பிழையாச் சொன்னால் பிழையாத்தான் பதிவாகும்."

"தம்பி, கேட்டியே? உன்ரை அம்மா நான் செத்தாலும் எந்தக் கிழமையெண்டு திருத்துவா."

இதெல்லாம் அந்த வீடியோவில் இருந்தது. என் குரலும் இருந்தது, அவர் சிரிப்பும் இருந்தது.

ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. ஒப்பரேஷனுக்கு முந்தின நாள், டப்லெட்டைப் பிஸ்கட் தகரத்தில் சாத்தி வைக்கச் சொன்னார். "நீர் குசினிக்குள்ளை போம். இது அவனுக்கும் எனக்கும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "அவன்ரை ரிசல்ட் வந்த நாள்" என்றார். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உயர்தரப் பெறுபேறு வந்த அன்று அவர் உன்னைச் சந்தியில், உன் சிநேகிதர் முன்னால் கைநீட்டினார். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் வாழ்நாள் முழுவதும் மரியாதையாகப் பேசிக்கொண்டீர்கள். அப்பனும் மகனும் பேசுகிற மாதிரிப் பேசவில்லை. நீ வெளிநாடு போனதற்கு நாடு காரணம் என்று சொல்வாய். அந்த அடியும் ஒரு காரணம் என்று அவர் நம்பினார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நேரம் போனது. நான் வெளியே வந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது. நிப்பாட்டும்" என்றார். அந்த வீடியோ கையிலேயே இருந்தும் நான் பார்க்கவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் விடுதியில் கடிதங்களை ஒரு தட்டில் வைப்பார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் கடிதம் திறந்து கிடந்தாலும் கண்ணைத் திருப்பிக்கொண்டு போகப் பழகினவள் நான். அவர் உனக்கு என்ன சொன்னார் என்று உயிரோடு இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. அதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன். ஒருவருக்கும் தெரியாது.

ஒப்பரேஷன் அன்று நீ வந்துசேர்ந்தாய். அப்பா வீட்டுக்குத் திரும்பிய கிழமை கோயிலில் தேர். மேலிருந்து படம் எடுக்க ஒரு ட்ரோன் கொண்டுவந்திருந்தாய். அதற்குப் பெரிய மெமரி காட் தேவைப்பட்டது. டப்லெட்டிலிருந்து கழற்றினாய்.

"தம்பி, அதுக்குள்ளை அப்பாவின்ரை கதை இருக்கு" என்றேன்.

"எல்லாம் கிளவுட்டிலை இருக்கம்மா. ஒரு சாமானை ஏன் இரண்டு இடத்திலை வைக்கிறியள்? உந்தக் காட் பழுதாப் போற சாமான்."

அப்பாவுக்கு அப்போது குரல் இல்லை. கையை ஆட்டி "கொண்டு போ" என்று காட்டினார். வெளியில் போனதுதான் தப்பும் என்று நம்பின மனிதர். நீ காட்டைத் துடைத்துவிட்டுத் தேர் எடுத்தாய். தேர் நன்றாகத்தான் வந்திருந்தது, மேலிருந்து பார்க்க எறும்புகள் ஒரு சீனிக்கட்டியை இழுப்பது போல. அதைக் குழுவில் போட்டாய், எல்லோரும் கைகூப்பினார்கள்.

டப்லெட்டில் படங்கள் அதற்குப் பிறகும் தெரிந்தன. தொட்டால் ஓடின. அதனால் வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பிரதி அல்ல என்பது பிறகுதான் விளங்கியது. உன் போன், உன் கிளவுட், என் டப்லெட் என்று மூன்று இருப்பதாக நான் எண்ணினேன். இருந்தது ஒரு அறை. அதற்கு மூன்று யன்னல். எந்த யன்னலால் கையை விட்டு எடுத்தாலும் அறைக்குள் இருப்பதுதான் போகும்.

அப்பா அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்தார். ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிக் கதைப்பார். தேத்தண்ணி, வேட்டி, வலி என்று எழுதுவார். இடைக்கிடை எழுதுவார்: "பார்த்தானா?" நான் உன்னைப் போனில் கேட்பேன். "ஆறுதலாப் பாக்கவேண்டிய சாமான் அம்மா, அவசரத்திலை பாக்கேலாது" என்பாய். நான் அவரிடம் திரும்பி "ஓமாம், பாத்தவனாம்" என்பேன். பலகையைத் துடைத்துவிட்டு, "எல்லாமா?" என்று எழுதுவார். "எல்லாம்." பிறகு, "கடைசி?" என்று எழுதுவார். "ஓம். கடைசியும்." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தபடி இருப்பார். நான் சொன்ன அந்தப் பொய்க்கு நான் வருந்தவில்லை. உன் இடத்தில் நின்று நான் சொன்ன பொய் அது. உன் கடனை நான் அடைத்தேன்.

அவர் போன அன்று உனக்கு டிக்கட் கிடைக்கவில்லை. செத்தவீட்டை லைவ்வில் பார்த்தாய். அதற்கு நான் குறை சொல்லவில்லை, இங்கே அரைவாசி வீடுகளில் மகன்மார் லைவ்வில்தான் கொள்ளி வைக்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்துசேர்ந்தாய்.

சாம்பல் கரைக்கப் போன கீரிமலைக் கடற்கரையில் நடந்ததைத்தான் குழுவில் ஒருவரும் அறியமாட்டார்கள். நீயும் அதைச் சொல்லமாட்டாய். நீ ஈர வேட்டியோடு, விரலில் தர்ப்பையோடு நின்றாய். கையில் அஸ்திப் பானை. உன் போனை உடுவிலில் இருக்கிற மாமாவின் மகனிடம் கொடுத்திருந்தாய், லண்டனில் சின்ன மாமியும் கனடாவில் உன் மனைவியும் பார்க்க வேண்டும் என்பதற்காக. நான் படியில் இரண்டு பெண்களோடு நின்றேன்.

"மச்சான், இடமில்லை எண்டு வருது. எடுக்க விடுதில்லை" என்றான் அவன்.

"பெரிய வீடியோ ஏதும் கிடந்தால் அழியடா."

"எல்லாம் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம். மாமாவின்ரை போலை கிடக்கு…"

"ஓம், ஓம், அதுகள் கிளவுட்டிலை இருக்கு. போனிலை இருந்து தூக்கு. கெதியா. ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

அவன் தயங்கினான். நீ பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் போனை வாங்கி, தர்ப்பை போட்ட விரலாலேயே அழுத்தினாய். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. பிறகு போனை நீட்டி, "இப்ப எடு" என்றாய். அவன் எடுத்தான். உன் அப்பாவின் சாம்பல் கடலில் கரைகிற வீடியோவுக்கு, உன் அப்பாவின் குரலை அழித்து இடம் எடுத்தாய்.

மகனே, என் வாழ்நாள் முழுவதும் நான் மற்றவர்களைத் திருத்தியவள். உன் எழுத்தைத் திருத்தினேன், உன் அப்பாவின் கிழமையைத் திருத்தினேன், ஐயர் மந்திரத்தை விழுங்கினால் அதையும் திருத்தினேன். அந்தப் படியில் மட்டும் வாய் திறக்கவில்லை. பிதிர்க்கடன் செய்கிற பிள்ளையை நாலுபேர் முன்னால் திருத்தக்கூடாது என்று நினைத்தேன். ஒருமுறை சந்தியில் நாலுபேர் முன்னால் நடந்தது போதும் என்றும் நினைத்தேன். அதோடு, நீ அறிந்துதான் செய்கிறாய் என்றும் நம்பினேன். அழித்தது ஒரு மாதமோ என்னவோ ஒரு குப்பைத்தொட்டியில் கிடக்குமாம், கேட்டால் திரும்பத் தருமாம். நான் அடுத்த மாதத்து மாசியத் திவசம் முடியும் வரைக்கும் டப்லெட்டைத் தொடவில்லை, தொட மனம் வரவில்லை. தொட்டபோது தொட்டியும் வெறுமை. என் பங்கு அது. எழுதிவிட்டேன்.

மிஞ்சியவை சின்னச் சின்ன வீடியோக்கள். பெரியதைப் பார்த்துப் பார்த்து அழித்தபடியால் சின்னவை தப்பிவிட்டன. மதிலில் நிற்கிற பக்கத்து வீட்டுச் சேவல். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிவது. நான் தவறுதலாக எடுத்த என் சொந்தக் கால். இவற்றுக்கு நடுவில் ஒன்றில் உன் அப்பா இருக்கிறார். நான் எடுப்பதைக் கண்டு, போதும் என்று கையை நீட்டிச் சொல்கிறார்: "காணும், நிப்பாட்டும்." அவ்வளவுதான். அத்தனை பின்னேரங்கள் கதைத்த மனிதரின் குரலில் இப்போது உலகத்தில் இருப்பது அந்த இரண்டு சொல். நான் அதை ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும் அவர் என்னை நிப்பாட்டச் சொல்கிறார்.

உனக்குப் போனில் இதைச் சொன்னேன். "உங்கடை டப்லெட்டிலை இருக்கும் எண்டுதானே நான் நினைச்சன்" என்றாய். நான் உன்னிடம் இருக்கும் என்று நினைத்தேன். நீ என்னிடம் இருக்கும் என்று நினைத்தாய். ஒரு பொருளை ஏன் இரண்டு இடத்தில் வைக்கவேண்டும் என்று கேட்டவன் நீ. அன்று பின்னேரம் ஒரு அழுகிற முகத்தை அனுப்பினாய். வசனம் இல்லை. எங்கள் மடத்துப் பள்ளிக்கூடச் சிஸ்டர் ஒருவர், மன்னிப்புக் கேட்பதானால் முழு வசனத்தில், எழுவாய் பயனிலையோடு கேட்கவேண்டும் என்பார். "நான் இதைச் செய்தேன்" என்று தொடங்கவேண்டும். நீ எழுதிய முழு வசனம் குழுவில் எழுதியது மட்டும்தான். அதில் எழுவாய் நான்.

பிறகு போன மாதம், ஊருக்கு வந்த ஒரு ஆளிடம் ஒரு புதுப் போன் கொடுத்து அனுப்பினாய். கூடவே ஒரு குரல் பதிவு: "அம்மா, இந்தமுறை பெரிய பிளான் எடுத்திருக்கிறன். இடம் எவ்வளவும் இருக்கு. இனி ஒண்டும் போகாது." இனிப் போவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் போனை அந்த ஆளிடமே உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அதைத்தான் நன்றிகெட்ட கிழவி என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும், அது உண்மைக்குக் கிட்டவாவது இருக்கிறது.

நான் கிளவுட்டுக்கு எதிரி இல்லை. உன் அப்பாவின் அல்பங்களை மழை தின்றதைப் பார்த்தவள் எப்படி எதிரியாவேன்? வீடு போனால் வீட்டில் இருப்பதும் போகும், அது எனக்கு நீ சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் வெளியில் வைத்தது தப்பியதற்கு, அதை அங்கே ஒருவர் பார்த்து வைத்திருந்ததுதான் காரணம். பெரியப்பா அந்தக் கலியாணப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். போகிற வருகிற நேரம் பார்த்தார். ஒருநாள் சுவரில் காணாவிட்டால் தேடியிருப்பார். உன் இடத்தில் அப்பா கிடந்தார், நீ ஒருநாளும் பார்க்கவில்லை, ஆனபடியால் போனதும் தெரியவில்லை. இப்போது சுன்னாகத்தில் ஒரு கடையில் ஹாட் டிஸ்க் என்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, மிஞ்சின சேவலையும் தண்ணீர்த் தாங்கியையும் அந்த இரண்டு சொல்லையும் அதில் போட்டு வைத்திருக்கிறேன். உனக்கும் மகள் இருக்கிறாள். அவளுடைய நீச்சல் வகுப்பும் பிறந்தநாளும் பனியில் விழுந்ததும்தான் உன் இடத்தை நிரப்பின. பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இடம் போதாவிட்டால் முதலில் பார்த்து முடித்ததை எடு. பார்க்காததில் கை வைக்காதே. இது ஒன்றுதான் நான் உனக்குத் தருகிற புத்தி. அவளுக்கும் ஒருநாள் உன் குரல் தேவைப்படும்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

ஒப்பரேஷன் முடிந்து நீ திரும்பிப் போன நாளில், உன்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வந்த வான் கேற்றடியில் நின்றது. அப்பா வாசற்படிவரை வந்து பலகையை உயர்த்திக் காட்டினார். அதில் "பார்" என்று எழுதியிருந்தது. நீ வான் யன்னலால் தலையை நீட்டிச் சொன்னாய்: "ஓமப்பா, பிளேனிலை பாக்கவெண்டு என்ரை பழைய போனிலை முழுக்க இறக்கி வைச்சிட்டன். கடைசியையும்." அவர் முகம் எப்படி ஆனது என்று நான் எழுதப்போவதில்லை. அன்று இரவு அவர் வலிக்கு மருந்து கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நீ அப்படி இறக்கி வைத்திருந்தால், அந்தப் பழைய போனுக்குள் அவை இன்னும் கிடக்கலாம். கீரிமலையில் நீ அழித்தது நீ இப்போது பாவிக்கிற போனில். பழையது உன் மேசை லாச்சிக்குள் அணைந்து கிடந்தால், அங்கே நடந்தது ஒன்றும் அதற்குத் தெரியாது. இதை உன்னிடம் போனில் பலமுறை கேட்டுவிட்டேன். ஒருமுறை லைன் சரியில்லை என்றாய். ஒருமுறை வேலையில் நிற்கிறேன் என்றாய். கடைசியாகக் கேட்டபோது, "அம்மா, இப்ப ஏன் அதையெல்லாம் கிண்டுறியள்" என்றாய். நீ ஏன் விலகுகிறாய் என்று நான் யோசிக்காமல் இல்லை. அன்று வானில் சொன்னது, அவர் சந்தோஷத்துக்காகச் சொன்னதாக இருக்கலாம். நானும் அவருக்குப் பொய் சொன்னவள். அப்படியானால் அந்த மனிதர், மனைவி சொன்ன பொய்யையும் மகன் சொன்ன பொய்யையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு செத்திருக்கிறார். அதை நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது, தெரியாமல் இருப்பது. எழுபத்தெட்டு வயதில் எனக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

ஆகவே என் கேள்வி இது. அன்று வானில் நீ சொன்னது உண்மையா, பொய்யா?

உண்மையானால், அந்தப் போனை வைஃபையில் இணைக்காதே, இணைத்தால் அதிலும் அழிந்துவிடுமாம். முதலில் அதிலிருந்து ஒரு பென்டிரைவில் பிரதி எடு. இரண்டாவது பிரதியும் எடு. ஒன்றை ஊருக்கு வருகிற ஆளிடம் எனக்குக் கையில் கொடுத்து அனுப்பு. கடைசி வீடியோவை நீ முதலில் பார். நான் அதைத் திறக்கமாட்டேன். பொய்யானால், பொய் என்றே எழுது. நான் உன்னை ஏசமாட்டேன், உன் பதிலைக் குழுவில் போடமாட்டேன். தேடுவதை நிறுத்திவிடுவேன்.

எது என்றாலும் போனில் சொல்லவேண்டாம். குரல் பதிவும் வேண்டாம், முகங்களும் வேண்டாம். பேனாவால் கடதாசியில் எழுதி, கையெழுத்து வைத்து, தபாலில் போடு.

அம்மா